மொறைக்கிற மூஞ்சி

எங்க அப்பாவுக்குச் சின்ன வயசிலேயே இடது கண்ணில் கருவேல முள் குத்திவிட்டது. பார்வை போகவில்லை. இமை மட்டும் பாதி இறங்கி, புருவம் எப்போதும் இழுத்துப் பிடித்த மாதிரி நின்றுவிட்டது. ஒருநாள் கூலி வாங்க ஊர்த்தெருவுக்குப் போய் வாசலுக்கு வெளியே நின்றவரை, ‘என்னாடா மொறைக்கற?’ என்று கேட்டு அறைந்தான் ஒருவன். அறைந்தவனுக்கு அப்பா வயதில் பாதிகூட இருக்காது. ‘இல்ல சாமி, கண்ணே அப்பிடித்தான்’ என்று அப்பா சொன்னதற்கு இன்னொரு அறை. பதில் பேசிவிட்டாராம்.

அதற்குப் பிறகு அந்தத் தெருவில் அப்பா முகத்தைத் தரையில் வைத்துக்கொண்டுதான் நடந்தார். வீட்டுக்கு வந்தால் வேறு ஆள். கூத்தில் துரியோதனன் வேஷம் கட்டியவன் எப்படி வந்தான் என்று சொல்ல ஆரம்பித்தால் அந்த ஒற்றைப் புருவம் தனியாக ஆடும். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம்.

சேரியில் பிறந்தவர்களுக்கு இது தெரியாததில்லை. ஊருக்கு ஒரு மூஞ்சி, வீட்டுக்கு ஒரு மூஞ்சி. ஊருக்கு வைத்திருக்கிற மூஞ்சி நாமாகச் செய்துகொண்டதில்லை. அடித்துச் செய்தது.

முகத்தைப் பார்த்து இவன் கோபமாக இருக்கிறான், இவள் பயப்படுகிறாள் என்று சொல்லும் மிஷின்கள் வந்துவிட்டன என்று படித்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அப்பாவின் புருவம்தான். மிஷின் என்ன சொல்லும்? கோபம் என்று சொல்லும். அறைந்தவனும் அதைத்தானே சொன்னான்.

இந்த ஆராய்ச்சிக்கு வேர் பால் எக்மன் என்ற அமெரிக்க உளவியலாளரிடம் இருக்கிறது. 1960களில் பப்புவா நியூகினி மலைகளில் இருந்த ஃபோரே மக்களிடம் முகப் படங்களைக் காட்டி, எந்த நாட்டு மனிதருக்கும் அடிப்படை உணர்ச்சிகளின் முகம் ஒன்றுதான் என்றார். மிஷின் செய்கிறவர்கள் பலர் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். எக்மனும் அவரோடு வேலை செய்த ஃபிரீசனும் 1970களின் தொடக்கத்தில் எழுதிய இன்னொரு விஷயத்தை அவ்வளவாகக் கவனிக்கவில்லை. ஜப்பான் மாணவர்களுக்கும் அமெரிக்க மாணவர்களுக்கும் அருவருப்பான சினிமாத் துண்டுகளைக் காட்டி, ஒளித்துவைத்த கேமராவில் படம் பிடித்தார்கள். தனியாக இருந்தபோது இரண்டு பேரும் ஒரே மாதிரி முகம் சுளித்தார்கள். ஆராய்ச்சியாளர் ஒருவர் கூட வந்து உட்கார்ந்ததும் ஜப்பான் மாணவர்கள் அருவருப்பைச் சிரிப்பால் மூடிக்கொண்டார்கள். முகம் காட்டும் விதிகள் என்று இதற்குப் பேர் வைத்தார்கள். எங்கள் ஊரில் அதற்குப் பேர் சாதி.

2019ல் லிசா ஃபெல்ட்மன் பாரெட்டும் இன்னும் நான்கு ஆராய்ச்சியாளர்களும் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆய்வுகளைப் படித்துப் பார்த்து ஒரு நீண்ட கட்டுரை எழுதினார்கள். கோபப்படுகிறவர்கள் முகத்தைச் சுளிப்பது சுமார் 30 விழுக்காடு நேரம்தானாம். கோபமே இல்லாமல் முகம் சுளிக்கிறவர்களும் ஏராளம். ஐரோப்பிய ஒன்றியத்தில் வேலை செய்யும் இடத்திலும் பள்ளிக்கூடத்திலும் மிஷினை வைத்து மனசைப் படிக்கக் கூடாது என்று, மருத்துவம், பாதுகாப்பு தவிர, 2025 பிப்ரவரியிலிருந்து தடை இருக்கிறது. இந்தியாவில் அப்படி ஒரு தடைச் சட்டம் கிடையாது.

மனசைப் படிப்பது இருக்கட்டும். ஆளையாவது அடையாளம் தெரிகிறதா?

எங்க சின்னம்மா நகரத்தில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். விடிகிறதுக்கு முன்னே போய் மேஸ்திரி நீட்டுகிற போன் முன்னால் நிற்க வேண்டும். கண்ணைச் சிமிட்டச் சொல்லும். கண், மூக்கு, வாய், தாடை எல்லாவற்றையும் எண்ணாக்கி, முன்பு எடுத்து வைத்த படத்தின் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கும். வித்தியாசம் ஒரு அளவுக்கு மேல் போனால் ஆள் வரவில்லை என்று அர்த்தம். தெருவிளக்கு வெளிச்சத்தில் கறுத்த முகம். மூன்று நாள் சேரவில்லை. மூன்று நாளும் தெருவைக் கூட்டினாள். மூன்று நாள் கூலி இல்லை. ‘நீதான் நிக்கறியே, நான் பாக்கறனே, ஆனா போன்ல ஏறலையேம்மா’ என்றாராம் மேஸ்திரி.

2018ல் ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரண்டு கறுப்புப் பெண்கள் மூன்று கம்பெனிகளின் மென்பொருளைச் சோதித்தார்கள். முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். வெள்ளை ஆண்களிடம் தவறு அதிகபட்சம் 0.8 விழுக்காடு. கறுத்த பெண்களிடம் 34.7 வரை போனது. இதுவும் நாடாளுமன்ற உறுப்பினர்களின் நல்ல படங்களை வைத்து. விடிகாலையில் சாக்கடை ஓரத்தில் நிற்கிறவளின் படத்தை வைத்து இல்லை.

அளக்கிற வேலை நமக்குப் பழசு. சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக 1885லிருந்து 1908 வரை இருந்த எட்கர் தர்ஸ்டன், ஜனங்களை நிறுத்தி மூக்கையும் மண்டையையும் கருவி வைத்து அளந்தார். 1909ல் ஏழு தொகுதி போட்டார். 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ரிஸ்லியோ மூக்கு அகலமாக அகலமாகச் சாதி தாழும் என்றே எழுதினார். பாபாசாகேப் இந்த மூக்குக் கணக்கை வாங்கி, தீண்டப்படாதார் யார் என்ற தன் 1948ஆம் வருடத்துப் புத்தகத்தில் திருப்பிப் போட்டார். உங்கள் எண்படியே பார்த்தாலும் பார்ப்பனரும் தீண்டப்படாதவரும் ஒரே இனம்தான், இனத்தை வைத்துத் தீண்டாமைக்குக் காரணம் சொல்ல முடியாது என்று. அவர்கள் கருவியாலேயே அவர்களை அளந்த ஆள் அவர்.

சின்னம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். முழுசும் கேட்டாள். ‘இருவத்தஞ்சு வருசமா அந்தத் தெருவ கூட்டறன். ஒருத்தனும் என் மூஞ்சிய பாத்ததில்லடா. பாத்தா துடப்பத்ததான் பாப்பான். இப்ப மிஷின் பாக்குதாம், அதுக்கும் தெரியலயாம்’ என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். வெற்றிலைக் காவி தெரிய, கண் இரண்டும் மூடிப்போகிற சிரிப்பு. அந்த முகத்தை எந்தப் போனும் எடுத்து வைத்திருக்காது.

போன வாரம் பார்த்தபோது, ‘சேந்துச்சா?’ என்று கேட்டேன்.

‘நாலாவது வாட்டி சேந்துச்சி. வெளிச்சம் கண்ண கூசுது, சுருக்கிட்டன். அதுக்கு மேஸ்திரி சொல்றாரு, மொறைக்காம நில்லும்மான்னு.’