மணிலா வழியே பாகியோ



1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநில எல்லை வகுக்கப்பட்டபோது விளவங்கோடு சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. காரக்கோணத்துத் தமிழ்க் குடும்பங்கள் வாசற்படி தாண்டாமலே வேற்றுமொழி மாநிலத்தார் ஆயின. பின்னர்ப் பிழைப்பை நாடி மெய்யாகவே கடல் கடந்தோரும் நம்மில் உளர். மாற்றல் உத்தரவோ அயல்நாட்டு வேலையோ கைக்கு வந்தவுடன் வீட்டில் எழும் முதல் வினா, “பிள்ளையை உடன் அழைத்துச் செல்வதா, பாட்டியிடம் விட்டுச் செல்வதா?” என்பதே. ரெயில்வே குமாஸ்தாவாகிய எனக்கு இது பழகிய வினா; இவ்வாண்டு என் வீட்டிலும் எழுந்துள்ளது. ஆதலின் கடல் கடந்த ஒரு ரெயில்வேக் குடும்பத்தின் வரலாற்றை எழுத முற்பட்டேன்.

1969ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் மயிலாடுதுறையில் பிறந்தவர் விசுவநாதன் ஆனந்த். தந்தையார் தென்னக ரெயில்வே அதிகாரி. ஆறாம் வயதில் அன்னையார் சுசீலா அம்மையாரிடம் சதுரங்கம் பயின்ற சிறுவன், பின்பு சென்னை டால் சதுரங்கக் கழகத்துக்குச் சென்றான். அக்கழகத்தை முன்னின்று அமைத்த மானுவேல் ஆரோன் பர்மாவில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்தவர். இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர். 1962இல் ஸ்டாக்ஹோம் போட்டியில் இவருக்குக் கிட்டியது கடைசி இடம். ஆயினும் போர்டிஷ், ஊல்மன் என்னும் இரு கிராண்ட் மாஸ்டர்களை அங்கே வென்றார். கடைசி இடத்தை நினைவு கூர்வோர் இவ்விரு வெற்றிகளை ஏனோ மறந்துவிடுகின்றனர்.

1978ஐ ஒட்டி ஆனந்தின் தந்தையார் பிலிப்பைன்ஸ் ரெயில்வேக்கு ஆலோசகராகச் சென்றார். குடும்பமும் மணிலா சேர்ந்தது. அந்நாட்டுத் தண்டவாளத்தின் அகலம் 1067 மில்லிமீட்டர். நம் மீட்டர் கேஜைவிடச் சற்றே கூடுதல். (இதைச் சொல்லாமல் விட என் உத்தியோகம் இடந்தரவில்லை.) நம் பாறசாலை வழியே ரெயில் ஓடத் தொடங்கியதும் ஏறக்குறைய அக்காலத்தில், 1979இல்தான்.

சதுரங்கம் அந்நாட்டில் அன்று கொடிகட்டிப் பறந்தது. யூஜெனியோ டோரே என்னும் பிலிப்பைன்ஸ்காரர் 1974இல் ஆசியாவின் முதல் கிராண்ட் மாஸ்டர் ஆகியிருந்தார். 1978 ஜூலை முதல் அக்டோபர் வரை கார்ப்போவும் கோர்ச்னாயும் உலகப் பட்டத்துக்காக 32 ஆட்டங்கள் பொருதியதும் அங்கேதான். தொலைக்காட்சியில் பகல்தோறும் சதுரங்க நிகழ்ச்சி வரும். சிறுவனோ அவ்வேளையில் பள்ளியில் இருப்பான். அன்னையார் ஆட்டங்களையும் புதிர்களையும் எழுதி வைப்பார். மாலையில் இருவருமாக அமர்ந்து விடை காண்பர். சரியான விடைக்குப் பரிசு ஒரு புத்தகம். பரிசுகள் பெருகவே, வேண்டிய புத்தகங்களை எல்லாம் எடுத்துக்கொள், இனி விடை மட்டும் அனுப்பாதே என்று நிலையத்தார் கூறிவிட்டனராம்!

மணிலாவுக்குச் சென்ற பிள்ளைகள் எல்லாரும் ஆனந்த் ஆகிவிடவில்லை. பகலில் ஒரு தாய் அமர்ந்து எழுதியிராவிடில் அத்தொலைக்காட்சி வெறும் பெட்டியே. புது ஊர் பாதி கொடுத்தது, வீடு பாதி கொடுத்தது என்றே நான் கொள்கிறேன்.

கார்ப்போவும் கோர்ச்னாயும் ஆடிய ஊர் பாகியோ. மணிலாவுக்கு வடக்கே ஏறத்தாழ 250 கிலோமீட்டர் தொலைவில், 1,500 மீட்டர் உயரத்தில், பைன் மரங்கள் சூழ்ந்த குளிர்ந்த மலைநகரம். ஆங்கிலேயர் உதகமண்டலத்தை அமைத்தது போல அமெரிக்கர் கோடைக்கென அமைத்தது. உதகைக்கு மலை ரெயில் உண்டு; பாகியோவுக்கு இல்லை, வளைந்து ஏறும் சாலைதான்.

1987இல் உலக இளையோர் சதுரங்கப் போட்டி இதே பாகியோவில் நடைபெற்றது. இருபது வயதுக்குட்பட்டோர் ஆடும் அப்போட்டிக்கு ஆனந்த் வந்தபோது வயது பதினேழு. முந்திய ஆண்டே தேசிய வாகை சூடியவர். எதிராளி நெடுநேரம் எண்ணி நகர்த்தும் காய்க்குக் கண்ணிமைப்பில் மறுமொழி தரும் வேகத்தால் பெயர் பெற்றவர். அயல்நாடு சென்ற இளைஞனுக்கு முதற்பகை அந்நாடே. இவருக்கோ அது புதிர்ப் புத்தகங்கள் கிடைத்த நாடு. போட்டியை வென்றார். இந்தியர் ஒருவர் அப்பட்டத்தைப் பெற்றது அதுவே முதன்முறை. மறு ஆண்டு இந்தியாவின் முதல் கிராண்ட் மாஸ்டரானார்.

பின்னர் ஐந்து முறை உலகப் பட்டம் பெற்றார்: 2000இல் டெஹ்ரானில், 2007இல் மெக்சிகோ நகரில், 2008இல் பான் நகரில், 2010இல் சோபியாவில், 2012இல் மாஸ்கோவில். ஐந்தும் அயல்நாட்டில் வென்றவை. அப்பட்டத்தை 2013இல் இழந்தது மட்டும் சென்னையில்.