தலைக்கட்டு வரியும் தண்ணீர்த் தொட்டியும்

டிப்ளமோ படித்தபோது ராபர்ட் புட்னம் எனக்கு வெறும் பரீட்சைக் கேள்வி. இத்தாலியில் 1970-ல் ஒரே மாதிரியான வட்டார அரசுகளைத் தொடங்கினார்கள். எமிலியா-ரோமாக்னாவில் நன்றாக நடந்தது; கலாப்ரியாவில் தள்ளாடியது. பாட்டுக்குழு, கால்பந்து கிளப் என்று மக்கள் கூடிப் பழகிய இடங்களில்தான் அரசும் ஒழுங்காக நடக்கிறது என்று 1993-ல் எழுதினார் அவர்.

இந்த அக்டோபர் 2, எங்கள் ஊர் கிராம சபைக்குப் போனேன். பாதிப் பேர் கையெழுத்துப் போட்டதும் கிளம்பிவிட்டார்கள். தண்ணீர்த் தொட்டிச் செலவை வாசித்தபோது யாரும் வாய் திறக்கவில்லை. நானும்தான்! இதே ஆட்கள், திருவிழா முடிந்ததும் தலைக்கட்டு வரிக் கணக்கில் பந்தலுக்குக் கொடுத்த நூறு ரூபாய்க்குக்கூட மல்லுக்கட்டுவார்கள்.

"அது நம்ம காசுடா, இது கவர்மென்ட் காசு" என்றார் பெரியப்பா.

பழக்கம் இருக்கிறது, இடம்தான் மாறியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால், காலனித் தெருவில் அந்த வரியை வாங்குவதே இல்லை. வரி இல்லை, அதனால் கணக்குக் கேட்கும் உரிமையும் இல்லை. சபையில் கடைசியாக எழுந்தது அந்தத் தெரு அக்கா ஒருவர்.

"எங்க தெருவுக்குத் தண்ணியே வரலையே, பில்லைக் காட்டுங்க."

அடுத்த கூட்டத்தில் காட்டுகிறார்களாம். நவம்பர் 1-க்கு லீவு சொல்லிவிட்டேன்.