கருப்பன் காலும் என் கையும்

ஏப்ரல் 6

கோலப்பொடி டப்பாவை எடுக்கக் குனிந்தால், படியெல்லாம் சிவப்பாகப் பாதத் தடம். காலி மனைப் பக்கம் போய்வந்திருக்கிறான் எங்கள் நாய் கருப்பன். ராத்திரி அங்கே குடித்துவிட்டு பாட்டிலை உடைத்துப் போடுகிறார்கள். முன்னங்காலில் நடுத் திண்டு பிளந்திருந்தது.

அத்தை காப்பித்தூளோடு ஓடி வந்தார். "வேண்டாம் அத்தை, டாக்டரம்மா அதையும் சேர்த்துக் கழுவணும்" என்று தடுத்துவிட்டுப் பழைய வேட்டித் துணியை மடித்து அழுத்தினேன். அழுத்தினால் போதும், எடுத்துப் பார்க்கக் கூடாது. நான் மூன்று தரம் பார்த்தேன். மூன்று தரமும் உறைய ஆரம்பித்த ரத்தம் பிய்ந்து மறுபடி ஊறியது. அப்புறம்தான் புத்தி வந்து, ஊறிய துணிமேலேயே இன்னொரு துணியை வைத்து, கடிகாரத்தைப் பார்த்தபடி ஐந்து நிமிஷம் அசையாமல் பிடித்தேன். நின்றது.

அதோடு விட்டிருக்கலாம். ஓரத்தில் மினுங்கிய சில்லைப் பிடுங்கப் போனேன். ஒன்பது வருஷமாக என் கையில் சோறு வாங்கித் தின்பவன், வெடுக்கென்று திரும்பிக் கவ்வினான். கவ்விய வேகத்தில் விட்டுவிட்டு, காதை மடக்கிக்கொண்டு என்னையே பார்த்தான்.

"வலியில அதுக்கு ஆள் தெரியாதும்மா" என்றார் கால்நடை டாக்டரம்மா. துப்பட்டாவை மூக்கின் மேல் சுற்றி, தாடைக்கடியில் ஒரு முடிச்சு, காதுக்குப் பின்னால் ஒரு முடிச்சு போட்டுக் காட்டினார். வாந்தி எடுக்கும், மூச்சு வாங்கும் நாய்க்கு மட்டும் கட்டவே கூடாதாம். ஆழமாக ஏறிய கண்ணாடியையும் வீட்டில் பிடுங்கக் கூடாது. பிடுங்கினால் ரத்தம் பீறிடும். மூன்று தையல்.

என் கையில் சிராய்ப்புதான், ரத்தம் இல்லை. ஓடும் குழாயில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவினேன். பெரியாஸ்பத்திரியில், நாய்க்கு வருஷா வருஷம் ஊசி போடுகிறோம் என்றேன். "இருக்கட்டும், நீங்களும் போட்டுக்கோங்க" என்றார்கள். இரண்டு புஜத்திலும் ஒவ்வொரு குத்து. இன்றைக்கு, மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள்.

ஏப்ரல் 9

இரண்டாம் ஊசி. வீடு திரும்பினால் அத்தை தயிர்ச்சோற்றில் பாராசிட்டமாலைப் பொடித்துக்கொண்டிருக்கிறார். "காதைத் தொட்டுப் பாரு, கொதிக்குது." கிண்ணத்தைப் பிடுங்கிவிட்டு டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். காதை வைத்துச் சொல்ல முடியாது, தெர்மாமீட்டரில் வாசலின் தடவி ஆசனவாயில் வைத்துப் பாருங்கள் என்றார். 101.6. எனக்குத் திக்கென்றது. அவரோ சிரித்தார். நாய்க்கு 101லிருந்து 102.5 வரை இயல்பான சூடாம். நமக்குக் காய்ச்சல், அவனுக்குச் சாதாரண நாள். நம் மாத்திரை நாயின் ஈரலைக் கெடுக்கும். பூனைக்கு ஒரு மாத்திரையே உயிரை வாங்கும்.

தெர்மாமீட்டரில் மார்க்கர் பேனாவால் 'கருப்பன்' என்று எழுதி வைத்திருக்கிறேன், வேறு யார் வாயிலும் போய்விடக் கூடாதே.

ஏப்ரல் 13

மூன்றாம் ஊசி. காலில் போட்ட கட்டை நக்கிப் பிரிக்கிறான் என்று பழைய பிளாஸ்டிக் வாளியின் அடியை வெட்டிக் கழுத்தில் மாட்டியிருக்கிறோம். கதவு, அண்டா, அத்தையின் முழங்கால் எல்லாவற்றிலும் இடி.

ஏப்ரல் 19

தையல் பிரித்தாயிற்று.

மே 4

அக்னி நட்சத்திரம் ஆரம்பம். மதியம் இரண்டு மணிக்கு எதிர்வீட்டுப் பெண் அலறினாள். அவர்கள் வீட்டுப் பக் நாய் சரிந்து கிடந்தது. நாக்கு கருஞ்சிவப்பு, வாயோரம் நூல் நூலாக எச்சில். சப்பை மூக்கு ஜாதிக்கு வெயில் எமன். அவள் தம்பி ஐஸ்கட்டியைக் கொண்டுவந்து வாயில் திணிக்கப் பார்த்தான். மயங்கிக் கிடப்பதன் வாயில் எதைப் போட்டாலும் புரையேறும். குழாயைத் திறந்தால் மாடித் தொட்டித் தண்ணீர் கொதித்தது. தெரு அடிபம்புக்கு ஓடி இரண்டு குடம் அடித்து வந்து வயிற்றிலும் தொடையிடுக்கிலும் ஊற்றிக்கொண்டே, டேபிள் ஃபேனை அதன்மேல் திருப்பினோம். முதலில் குளிர வைக்க வேண்டும், அப்புறம்தான் வண்டி.

ஆட்டோவில் ஏற்றும்போது பழக்க தோஷத்தில் துப்பட்டாவை உருவி அதன் மூஞ்சிப் பக்கம் கொண்டுபோனேன். இளைத்துக்கொண்டிருந்த வாயைப் பார்த்ததும் கை நின்றது. சுருட்டி மடியில் வைத்துக்கொண்டேன். டாக்டரம்மா ஊசி வழியாகத் தண்ணீர் ஏற்றினார். ராத்திரி அங்கேயே இருக்கட்டும் என்றார்.

நாலாம் ஊசி ஞாபகம் வந்தபோது மணி ஆறு. பெரியாஸ்பத்திரி நர்ஸ் என் ஈரத் துணியை மேலும் கீழும் பார்த்தார்.

"மழையாம்மா அந்தப் பக்கம்?"