டாக்டர் கேட்ட கேள்விகள்

கதை எழுதுகிறவனுக்கு ஒரு கெட்ட வழக்கம் உண்டு. புருஷன், பெண்டாட்டி இருவர் முகத்தையும் பார்த்தவுடனேயே அவர்களுக்குள் என்ன தகராறு என்று தீர்மானித்து விடுவான். எனக்கும் அந்த வழக்கம் உண்டு. அதனால் ஒரு குடும்பம் கெட இருந்தது.

என் தங்கை பிள்ளைக்கு நாற்பத்திரண்டு வயது, இரண்டு குழந்தைகள். ஒரு வருஷமாக அவன் கூடத்தில் படுக்கிறான், அவள் உள்ளே படுக்கிறாள் என்று தங்கை வந்து கண்ணைக் கசக்கினாள். "நீதான் அண்ணா, போய் என்னவென்று பார்க்கவேணும்" என்றாள். போனேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் காப்பியை வைத்துவிட்டு நிற்காமல் உள்ளே போனாள். எனக்கு இது போதாதா? பையனுக்கு வெளியே எங்கோ மனம் போயிருக்கிறது என்று தங்கையிடம் சொல்லி வைத்தேன். அது ராத்திரிக்குள் மருமகள் காதை எட்டியது. மறுநாள் பெட்டியோடு பிறந்தகம் போய்விட்டாள்.

என் சிநேகிதர் ஒருவர் மனநல டாக்டர்; தம்பதிகளின் இந்த மாதிரிச் சங்கடங்களைக் கேட்பதே அவர் தொழில். அவரிடம் போய் நின்றேன்.

"பையனுக்குச் சர்க்கரை உண்டா? ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறானா?"

விழித்தேன்.

"இதுகூடத் தெரியாமல் நீர் எப்படி ஐயா குற்றவாளியைப் பிடித்தீர்?" என்றார்.

இருவரையும் வரவழைத்தார். சேர்த்து வைத்துப் பேசினார், தனித் தனியாகப் பேசினார். நடந்ததில் ஒரு வார்த்தைகூட அவர் எனக்குச் சொல்லவில்லை. பையனே பிற்பாடு வந்து சொன்னான்.

எப்போதிலிருந்து? திடீரென்றா, கொஞ்சங் கொஞ்சமாகவா? ஆசையே இல்லையா, ஆசை இருந்தும் உடம்பு ஒத்துழைக்கவில்லையா? விடியற்காலைத் தூக்கத்தில் அது தானாகக் கிளம்புவதுண்டா? கூச்சமில்லாமல், ஜுரத்தைப் பற்றி விசாரிக்கிற குரலில் கேட்டாராம். தூக்கத்தில் சரியாக இருந்து விழிப்பில் மட்டும் தவறினால் மனத்தைச் சந்தேகிக்கலாம். தூக்கத்திலும் குறைந்தால் நரம்பையும் ரத்தக் குழாயையும் பார்க்கவேண்டும். பையனுக்கு இரண்டிலும் குறைந்திருந்தது. ரத்தத்தைச் சோதித்தார்கள். சர்க்கரை ஏகமாக இருந்தது.

ஆனால் சர்க்கரை பாதிக் கதைதான். அவளையும் கேட்டார்: "உங்களுக்கு வலி உண்டா அம்மா?" இரண்டாவது பிரசவத்திலிருந்தே உண்டு. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். ஒருவரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. ஒரு நாள் அவனுக்கு முடியாமல் போயிற்று. அவன் கூசப் போகிறானே என்று அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அருவருத்துத் திரும்பினாள் என்று அவன் எடுத்துக்கொண்டான். அடுத்த தடவையிலிருந்து பரீட்சை மேற்பார்வைக்காரன் மாதிரி தன்னையே கவனிக்க ஆரம்பித்தான். கவனித்தால் வருமா? கூடத்துக்குப் போய்விட்டான். நாம் அலுத்துவிட்டோம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அமெரிக்காவில் செயின்ட் லூயி நகரத்தில் மாஸ்டர்ஸ், ஜான்ஸன் என்ற இருவர் 1970-ல் வெளியிட்ட புத்தகத்தில், படுக்கையில் தன்னையே வேடிக்கை பார்க்கும் இந்த மனிதன் வருகிறான். நோயாளி அவனுமல்ல, அவளுமல்ல, இருவருக்கும் இடையில் உள்ள உறவுதான் என்பது அவர்கள் கட்சி. முதல் வைத்தியமே, சில நாளைக்குச் சேர்க்கை கூடாது, தொட்டுக்கொண்டு மட்டும் இருங்கள் என்பது. நம் ஊரில் லாட்ஜில் அறை எடுத்து லேகியம் விற்கிறவர்கள் பெண்டாட்டியைக் கூப்பிடுவதே இல்லை. நான் மட்டும் என்ன, அவளை ஒரு வார்த்தை கேட்டேனா?

இன்னொன்று. ஒருநாள் இருநாள் தவறினதற்கெல்லாம் வியாதிப் பெயர் வைப்பதில்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2013-ம் வருஷத்துக் கையேடு, பெரும்பாலான கோளாறுகளுக்கு ஏறக்குறைய ஆறு மாதமாவது நீடிக்கவேண்டும், அந்த மனிதருக்கே அது வேதனை தரவேண்டும் என்கிறது. நான் எடுத்துக்கொண்டது ஒரு டம்ளர் காப்பி குடிக்கிற நேரம்.

சர்க்கரைக்கு அவனுக்கு மாத்திரை; அவளுக்கு ஒரு பெண் டாக்டரிடம் வைத்தியம்; இருவருக்குமாகச் சிநேகிதரிடம் வாரம் ஒருமுறை பேச்சு. மூன்றாவது மாதம் பெட்டி திரும்பி வந்தது. பூராவும் சரியாகிவிட்டதா என்று நான் கேட்கவில்லை. கூடத்தில் பாய் இல்லை என்று தங்கை சொன்னாள்.

தீபாவளிக்கு இருவரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அவன் காப்பியில் சர்க்கரை போட வேண்டாம் என்று அவள் என் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னோடு இன்னும் பேசவில்லை.