மலையும் தெருவும் ஒளிப்படமும்

திருச்செங்கோட்டு மலையில் ஏறுவோர் கைப்பேசியை உயர்த்திப் பிடிக்காமல் இறங்குவது இன்று அரிது. பாறையில் செதுக்கப்பட்ட ஏறத்தாழ 60 அடி நீள நாகம், சத்தியம் செய்வதற்குப் பெயர்பெற்ற அறுபதாம்படி, உச்சியிலிருந்து தெரியும் சமவெளி என ஒவ்வோரிடத்திலும் ஒரு படம் எடுக்கப்படுகிறது. அப்படத்தை எடுத்தவரின் முகமே பெரும்பகுதியை நிறைத்துக்கொள்ள, நாகத்தின் உடல் மட்டும் தோளுக்குப் பின்னால் சிறிது தெரியும். அடிவாரத்தில் கைலாசநாதர் கோயிலைச் சூழ்ந்துள்ள தேர்வீதிகளையும் அவற்றிலிருந்து பிரியும் சந்துகளையும் படமெடுப்போர் மிகச் சிலரே. வைகாசித் தேரோட்டத்தின்போது அவ்வீதிகள் படத்தில் இடம்பெறுவதுண்டு. அப்போதும் தேர் தெரியுமேயன்றித் தெரு தெரிவதில்லை.

இங்கிலாந்தில் இக்குறையை உணர்ந்தவர் பெஞ்சமின் ஸ்டோன் என்னும் நாடாளுமன்ற உறுப்பினர். சிற்றூர்களின் பழைய தேவாலயங்களும் வீடுகளும் திருவிழா வழக்கங்களும் மறைவதற்கு முன் படமாக வேண்டும் என்று கருதி, 1897-இல் தேசிய ஒளிப்படப் பதிவுக் கழகத்தை நிறுவினார். ஆர்வத்தால் படமெடுத்தோரின் படைப்புகளும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் சேர்ந்தன.

தமிழகத்தில் இப்பணி அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கியது. சென்னைப் படைப்பிரிவின் அதிகாரியும் மாகாண அரசின் ஒளிப்படக்காரருமான லின்னேயஸ் டிரைப், 1857-இன் இறுதியிலும் 1858-இலும் திருவரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் முதலிய ஊர்களில் படமெடுத்தார். திருச்செங்கோடு அந்நாளில் அடங்கியிருந்த சேலம் மாவட்டத்தின் இராயக்கோட்டை முதலிய இடங்களின் படங்களும் தனித் தொகுப்பாக வெளிவந்தன. மெழுகு ஊட்டிய தாளில் படம் பதியக் கருவியை நெடுநேரம் திறந்து வைக்க வேண்டியிருந்தது. அசையாத கல்லே அதில் தெளிவாகப் பதிந்தது; நடந்து சென்ற மனிதர் பெரும்பாலும் பதியவில்லை. அவர் படங்களில் ஊர்கள் ஆளரவமற்றுத் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

டிரைப்பின் உழைப்பில் வியப்பூட்டுவது தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுப் படமாகும். 21 படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக அதை அமைத்தார். அக்கல்வெட்டுகள் முறையாகப் படிக்கப்பெற்று நூலாக வெளிவந்தது பல்லாண்டுகள் கழித்தே. பொருள் விளங்கும்வரை காத்திராமல் படமெடுத்தார் என்பதே இதில் கவனிக்கத்தக்கது. மதுரைத் திருமலை நாயக்கர் அரண்மனை பழுதுபார்க்கப்படுவதற்கு முன் இருந்த சிதைவையும் அவர் படங்களில் காணலாம். 1860 அளவில், செலவு மிகுதி எனக் கருதிய அரசு அப்பணியை நிறுத்திவிட்டது.

கல்லைப் படமெடுப்பதால் பயன் என்ன என்று கேட்போருக்கு விருத்தாசலம் விடை கூறும். திருச்செங்கோட்டு மலைமேல் வீற்றிருக்கும் அர்த்தநாரீசுவர வடிவத்தையே அவ்வூர் விருத்தகிரீசுவரர் கோயிற் சுவரின் மாடத்திலும் சோழர்காலச் சிற்பிகள் கல்லில் வடித்திருந்தனர். அச்சிற்பம் களவாடப்பட்டு, 2004-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரக் கலைக்கூடத்தால் விலைக்கு வாங்கப்பட்டது. எங்கிருந்து வந்தது என்பதை எவ்வாறு மெய்ப்பிப்பது? புதுச்சேரியில் 1955-இல் தொடங்கப்பெற்ற பிரெஞ்சு நிறுவனம், கோயில் கோயிலாகச் சென்று எடுத்த 1 இலட்சத்துக்கும் மேற்பட்ட படங்களைப் பேணி வந்தது. அவற்றுள் அச்சிற்பம் தன் மாடத்தில் நின்ற நிலையிலேயே இருந்தது. எடுத்தவர் எதிர்காலத் திருட்டை நினைத்து எடுத்திரார். மாடத்தையும் சுவரையும் சேர்த்து எடுத்தார், அவ்வளவே. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் அச்சிற்பத்தைப் புதுதில்லியில் இந்தியாவிடம் ஒப்படைத்தார்.

கோயில்களுக்குள் கைப்பேசியைத் தடைசெய்யுமாறு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022-இல் ஆணையிட்டது. வழிபாட்டின் அமைதி கருதி அது பொருத்தமானதே. ஆனால், வெளியே தெருவுக்கு அத்தடை இல்லை. திருச்செங்கோட்டில் ஓட்டுவீடு காங்கிரீட் வீடாகிறது. திண்ணை இருந்த இடம் கடையாகிறது. விசைத்தறியின் ஓசை படத்தில் கேளாது. தறிக்கூடத்தின் சன்னலும் அதன்முன் அடுக்கிய நூற்கட்டும் படத்தில் பதியும். காலை வெயில் சாய்வாக விழும்போது தேய்ந்த எழுத்துகளும் மரத்தூணின் பூவேலையும் நிழலால் புடைத்துத் தெரியும். உச்சிவேளையில் அவை சுவரோடு சுவராகிவிடும். திண்ணையில் முதியவர் அமர்ந்திருந்தால் அவரிடம் கேட்டபின்பே கருவியை உயர்த்த வேண்டும். கேட்டுவிட்டால், அவ்வீட்டைக் கட்டியவர் யார், வாயிலில் இருந்த வேப்பமரம் எந்த ஆண்டு வெட்டப்பட்டது என்பவற்றையும் அவரே சொல்லிவிடுவார். அதைத் தேதி, தெருப்பெயர், எத்திசை நோக்கி எடுத்தது என்பவற்றோடு படத்தின் பின்புறம் பென்சிலால் குறித்து வைக்கலாம்.