ஓமந்தூரார் போன வழி

செஞ்சியைத் தாண்டித் திருவண்ணாமலை போகும் பஸ்ஸில் கோட்டை மலையான ராஜகிரி தெரிந்ததும் எல்லாத் தலையும் ஜன்னல் பக்கம் திரும்பும். மடியில் பிள்ளை இருந்தால் தேசிங்கு ராஜன் கதை தொடங்கிவிடும். அவன் செஞ்சியை ஆண்டது சில மாதங்கள்தான். ஆர்க்காட்டு நவாபுக்குக் கப்பம் கட்ட மாட்டேன் என்று மோதி, 1714-இல் களத்தில் விழுந்தான். 22 வயது என்பார்கள். அவனையும் அவன் குதிரையையும் கூத்தும் கதைப்பாட்டும் இன்னும் சாகவிடவில்லை.

எனக்கோ இந்தச் சாலையில் இன்னொருவர் நினைவு வரும். திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் 1895-இல் பிறந்த விவசாயி வீட்டுப் பிள்ளை, ராமசாமி ரெட்டியார். ரமண பக்தர். ஊரிலிருந்து திருவண்ணாமலைக்கு ரமணரைப் பார்க்கப் போக வேண்டுமென்றால் செஞ்சி வழிதான். சென்னை மாகாணத்தின் பிரதமர் பதவி (முதலமைச்சரை அன்று அப்படித்தான் சொன்னார்கள்) தேடி வந்தபோதும், ரமணரிடம் போய்க் கேட்டுவிட்டுத்தான் ஒப்புக்கொண்டார் என்று சொல்வார்கள்.

1947 மார்ச் முதல் 1949 ஏப்ரல் வரை, இரண்டு வருஷத்துக்குச் சற்றுக் கூட. சுதந்திரம் வந்த அன்று கோட்டையில் இருந்தவர் அவர்தான். செஞ்சிக் கோட்டை அல்ல, ஜார்ஜ் கோட்டை. கோயில் கதவுகளை எல்லாச் சாதியாருக்கும் திறந்த சட்டம், பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டிவிடுவதைத் தடுத்த சட்டம், ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டம் எல்லாம் அந்த இரண்டு வருஷத்துக்குள். பாரதி பாடல்களை அரசுடைமையாக்கும் அறிவிப்பும் அவர் ஆட்சியின் கடைசி நாட்களில் வந்ததுதான். ஒரு சட்டம் போதும், ஒரு ஆள் பேர் சொல்ல!

சிபாரிசுக்கு வந்தவர்களுக்கு அவர் வளைந்து கொடுக்கவில்லை. சொந்தக் கட்சியிலேயே முணுமுணுப்பு வளர்ந்தது. ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். கட்சியை உடைக்கவில்லை, பேரம் பேசவில்லை. வடலூருக்குப் போய் வள்ளலார் பெயரில் குருகுலப் பள்ளி நடத்தினார். 1970-இல் காலமானார். நாற்காலியை விட்டு இப்படி எழுந்து போனதைத்தான் அவர் செய்ததிலேயே பெரிய காரியம் என்பேன். ஆனால் அதை வைத்து யார் கூத்துக் கட்டுவார்கள்? வாள் இல்லை, குதிரை இல்லை, ரத்தம் இல்லை.

போன மாதம் கோட்டை அடிவாரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது கடைக்காரரிடம் கேட்டேன்:

“அண்ணே, ஓமந்தூரார் தெரியுமா?”

“தெரியாம என்னங்க, மெட்ராஸ்ல பெரிய ஆஸ்பத்திரி. எங்க மாமாவுக்கு அங்கதான் ஆபரேசன்.”

“அந்தப் பேருக்குச் சொந்தக்காரர் நம்ம பக்கத்து ஆளு, திண்டிவனம் பக்கம்.”

“அட!” என்றவர் வடிகட்டியைத் தட்டிவிட்டு, “டாக்டருங்களா?” என்றார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நானே முப்பது வயதுக்கு மேல்தான் தெரிந்துகொண்டேன்.

2025-இல் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் ஏறிவிட்டது. இனி கூட்டம் கூடும். சென்னையிலிருந்து வருகிறவர்கள் திரும்பும் வழியில் ஓமந்தூர் மணிமண்டபத்தையும் பார்த்துவிட்டுப் போங்கள். மலையேற வேண்டியதில்லை.