கோழிக்கு ஊசி போட்டது யார்?

கூலிம் ஹைடெக் பூங்காவில் ஷிப்ட் முடிந்து வருகிறவர்களை நம்பி நாசி லெமாக்கும் பொரித்த கோழியும் விற்கிறார் ஓர் அண்ணன். போன மாதம் என்னைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்தார். “தங்கச்சி, கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுறாங்கன்னு ரேடியோவுல சொன்னியாமே? பிள்ளைங்களுக்கு வேணாம்னு மூணு பேரு திரும்பிப் போயிட்டாங்க.”

சொன்னது நான்தான். நேயர் அனுப்பிய தகவலைச் சரிபார்க்காமல் வாசித்துவிட்டேன். தோட்டத்து லயத்தில் கோழி வளர்த்த அம்மாவும், “ஆறு மாசத்துல வளர்றது ஆறு வாரத்துல வளருதுன்னா ஊசிதானே?” என்பார். எனக்கும் சரியாகவே பட்டது.

அன்றிரவு படிக்க உட்கார்ந்தேன். வளர்ச்சி ஹார்மோன், கோழியின் மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியில் சுரக்கிறது. அந்தச் சுரப்பியை நீக்கிய கோழிகள் வளர்ச்சி குன்றின; ஆனால் கொழுத்தன. அந்த ஹார்மோனை உடல் ஏற்காத குள்ளக் கோழிகளிலும் இதே கதைதான். அது ஒரு புரதம். தீவனத்தில் கலந்தால் செரித்துவிடும். ஊசி என்றால் ஆயிரக்கணக்கான கோழிகளுக்குத் திரும்பத் திரும்பப் போட வேண்டும். போட்டுப் பார்த்த ஆய்வுகளிலும் கறிக்கோழிக்குப் பெரிய பலன் இல்லை.

பிறகு இந்த வேகம் எப்படி வந்தது? கனடாவின் அல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957-ஆம் ஆண்டு ரகத்தையும் 2005-ஆம் ஆண்டு ரகத்தையும் ஒரே தீவனத்தில் வளர்த்தார்கள். 56-ஆம் நாளில் பழைய ரகம் 905 கிராம்; புதியது 4,202 கிராம். தலைமுறை தலைமுறையாக வேகமாக வளர்வதைத் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்ததன் விளைவு அது.

வதந்திக்கு வேர் இல்லாமலும் இல்லை. முட்டையிடும் பருவத்தில் பிட்யூட்டரி சினைப்பையைத் தூண்டுகிறது. அங்கே சுரக்கும் ஈஸ்ட்ரோஜன், மஞ்சள் கருவுக்கான கொழுப்பைத் தயாரிக்க ஈரலை முடுக்குகிறது. 1940-களில் அமெரிக்காவில் சேவல்களின் தோலுக்கடியில் செயற்கை ஈஸ்ட்ரோஜன் வில்லை வைத்துக் கொழுக்க வைத்தார்கள். 1959-இல் அது நிறுத்தப்பட்டது. பேச்சு மட்டும் நிற்கவில்லை.

மறுநாள் காலை நிகழ்ச்சியில் என் தவறைச் சொல்லித் திருத்தினேன். வீட்டில் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, “அப்போ பழைய ருசி எங்கே போச்சு?” என்றார். ஆறு மாதம் ஓடித் திரிந்த கோழிக்கும் ஆறு வாரக் குஞ்சுக்கும் உள்ள வித்தியாசம்தான் என்றேன். பாதிதான் நம்பினார்.

அடுத்த வாரம் கடைக்குப் போனேன். “மூணு பேர்ல ஒருத்தரு வந்துட்டாரு” என்றார் அண்ணன். மற்ற இருவரும் திருத்தத்தைக் கேட்கவில்லை போலும்.